வெள்ளிக்கிழமைத் தொலுயீன்

"நில்லு, நில்லு, இப்ப நில்லு" என்று ஷாமலி கருவியைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அது நிற்கவில்லை. சிவப்பு இலக்கங்கள் ஏறிக்கொண்டே போயின. கண்ணாடிக் கலத்துக்குள் காந்தக் குச்சி கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது எங்கள் ஆய்வுகூடம். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். கொண்டெயினர் லொறிகளின் ஹோர்ன் நாள் முழுக்கக் கேட்கும். அன்று வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்ரிக் கதிரையில் நசீர் நானா உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் முகங்களையே பார்த்தபடி இருந்தார்.

ஒருவழியாகக் கருவி நின்றது. ஷாமலி இலக்கத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இதே போத்தலில் காலையில் எடுத்த பெறுமானத்தின் மூன்று மடங்கு!

"அனே வாசுகி, இதுக்குப் பிஸ்ஸு" என்றாள். பிஸ்ஸு என்றால் சிங்களத்தில் பைத்தியம். எங்கள் இரண்டு பேருக்கும் அது பிடிக்கப் போகிறதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

பெற்றோல் எவ்வளவு நானா?

நசீர் நானா பழைய சோனகத் தெருவில் கடை வைத்திருப்பவர். தொலுயீனை ட்ரம் ட்ரம்மாக இறக்குமதி செய்து விற்பார். தின்னர் போத்தலைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு மணம், அதில் பெரும்பங்கு தொலுயீன்தான். மைக்கும் பசைக்கும் பெயின்றுக்கும் அது இல்லாமல் முடியாது.

அவரிடம் வாங்கிய ஒரு மைத் தொழிற்சாலை, சாமானின் சுத்தத்தைப் பார்த்துச் சொல்லும்படி எங்களிடம் ஒரு போத்தல் அனுப்பியது. நாங்கள் அன்று மத்தியானமே பார்த்தோம். அசுத்தத்தைக் காட்டும் இலக்கமான புரோமீன் சுட்டி எகிறியிருந்தது. அப்படியே அறிக்கை கொடுத்தோம். தொழிற்சாலை முகாமையாளர் அதை ஒரே வார்த்தையில் மொழிபெயர்த்தார்: கலப்படம். தொலுயீனுக்குள் மலிவாகப் பெற்றோலை ஊற்றியிருக்கிறார்கள் என்றார்.

அவ்வளவுதான், கதை தெருவெல்லாம் பரவிவிட்டது. அடுத்த நாளே நசீர் நானா மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"தங்கச்சி, என்ட வாப்பா காலத்தில இருந்து ஒரு சொட்டுக் கலப்பு செஞ்சதில்ல. ஒங்கட மெஷின் சொன்னதால கடைக்கு முன்னால போறவன் எல்லாம் 'நானா, பெற்றோல் எவ்வளவு?' எண்டு கேக்குறான். ஊட்டுல மகன்ட முகத்தப் பாக்க ஏலாம ஈக்கிது."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் மெல்லத்தான் சொன்னார்.

திரும்பச் செய்து பார்த்தோம். காலையில் செய்தபோது பெறுமானம் சின்னதாக, அழகாக, ஒற்றை இலக்கத்தில் வந்தது. துள்ளிக் குதித்தேன். மத்தியானம் உறுதிப்படுத்தச் செய்தோம், மறுபடி ஏறியது. மறுநாளும் அதே கூத்து. ஒரே போத்தல், ஒரே ஆட்கள், காலைக்கு ஒரு விடை, மத்தியானத்துக்கு ஒரு விடை. எதை நம்பி அந்த மனிதருக்கு நற்சான்று கொடுப்பது?

திங்கட்கிழமை பின்னேரம் முகாமையாளர் நேரில் வந்து நின்று பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அப்போதும் ஏறினால் ட்ரம்கள் எல்லாம் திரும்பிப் போகும், வேறு தொழிற்சாலைகளுக்கும் விஷயம் போகும்.

காணாத புரோமீன்

இந்தக் கருவியில் எனக்கு ஏன் இவ்வளவு பைத்தியம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வெள்ளவத்தையில் உயர்தரம் படித்த எல்லாரையும் போல நானும் ரியூஷனில்தான் இரசாயனம் படித்தேன். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நீளமான மண்டபம். சேர் மைக் பிடித்துப் படிப்பிப்பார். கரையோர ரயில் போகும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பார், நாங்கள் அந்த இடைவெளியில் கதைத்துத் தீர்ப்போம். "இரட்டைப் பிணைப்பு இருந்தால் புரோமீன் நீரின் நிறம் நீங்கும்." இதை எத்தனை தரம் எழுதியிருப்பேன்! ஆனால் புரோமீனை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்து அலுமாரியில் அந்தப் பெயர் ஒட்டிய போத்தல் ஒன்று இருந்தது, உள்ளே காற்று.

கொட்டாஞ்சேனையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, கலத்துக்குள் மாதிரி எதுவும் விடாமல் கருவியைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுக் காட்டினார்கள். மின்வாய்க்குப் பக்கத்தில் மெல்லிய மஞ்சள் கீற்று ஒன்று எழுந்து கரைந்தது. "அதுதான் புரோமீன்" என்றார்கள். நான் "ஐயோ!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அத்தனை வருடம் எழுத்தில் மட்டும் தெரிந்தவரை நேரில் கண்ட சந்தோஷம் அது.

விஷயம் மிகவும் எளிமை. புரோமீனைப் போத்தலில் வாங்கிப் பியூரெட்டில் ஊற்றத் தேவையில்லை. கலத்துக்குள் இருக்கும் புரோமைட்டு உப்புக் கரைசலுக்குள் மின்னோட்டம் விட்டால் புரோமீன் அங்கேயே பிறக்கும். தொலுயீன் போன்ற அரோமற்றிக் ஐதரோக்காபன்கள் அந்தப் புரோமீனைச் சட்டை செய்யாது. அவற்றின் வளையம் அவ்வளவு நிம்மதியானது. ஆனால் உள்ளே இரட்டைப் பிணைப்புள்ள அசுத்தம் ஏதும் இருந்தால் அது பாய்ந்து பிடித்துக்கொள்ளும். பிடிக்க ஆளில்லாமல் புரோமீன் மிஞ்சியதும், இரண்டு குட்டிப் பிளாற்றினக் கம்பிகள் அதைக் கண்டுபிடித்து மின்சாரத்தை நிறுத்தும். எவ்வளவு மின்சாரம் ஓடியதோ அவ்வளவு புரோமீன், அவ்வளவு அசுத்தம். பெற்றோலில் அந்த இரட்டைப் பிணைப்புகள் ஏராளம். முகாமையாளர் அதனால்தான் பெற்றோலைச் சந்தேகித்தார், அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

இந்தக் கருவிக்குத் துளியிலும் துளி போதும். அதுதான் அதன் பெருமை, எங்கள் தலைவலியும் அதுதான்.

திலகா மிஸ்ஸின் சட்டங்கள்

ஆய்வுகூடத்தின் தலைவி திலகா மிஸ். பருத்திச் சேலை, இறுக்கிக் கட்டிய கொண்டை, பார்வையாலேயே தூசு தட்டுகிற மனுஷி. அவருடைய சுத்தத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம்.

உள்ளே வருகிறவர் தலையில் பூ வைக்கக் கூடாது. சென்ற் பூசக் கூடாது. இந்தக் கருவியில் வேலை செய்யும்போது ரப்பர் கையுறையும் கூடாது, ஏனென்றால் தொலுயீன் ரப்பரையே கரைத்து எடுத்துவிடும், ரப்பருக்குள்ளும் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆகவே வெறுங்கை. வெறுங்கை என்றால் சும்மா கையா? மத்தியானம் எல்லாரும் வீட்டுப் பார்சலைப் பிரித்து மீன் குழம்போடு பிசைந்து சாப்பிடுகிறோம். சாப்பிட்டதும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு தொட்டிக்குப் பக்கத்துப் பீங்கான் கோப்பையில் மிஸ் தன் கையாலேயே வெட்டி வைத்திருக்கும் தேசிக்காய் (எலுமிச்சை)ப் பாதியை எடுத்து விரல் விரலாகத் தேய்த்து, தண்ணீரில் அலசி, மிஸ்ஸின் மூக்குக்கு முன்னால் கையை நீட்ட வேண்டும்.

அவர் மோந்து பார்ப்பார். "ம், போகலாம்" என்றால்தான் கதவு திறக்கும். சூரை மீன் நாட்களில் ஷாமலியை இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"மீன் மணத்தோடை இந்த லாப்புக்குள்ளை ஒருத்தரும் வரக் கூடாது" என்பது அவருடைய முதலாவது சட்டம், கடைசிச் சட்டமும்.

ஆளாளுக்கு ஒரு சந்தேகம்

வியாழக்கிழமை அந்தப் பெறுமானம் ஏறிய பிறகு மிஸ் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

"வாசுகி, யன்னலை மூடும். மத்தியானத்திலை வெய்யில் நேரை கலத்திலை விழுது. வெளிச்சம் பட்டா தொலுயீனும் புரோமீனைப் பிடிக்கும்."

எவ்வளவு நல்ல யோசனை! கறுப்புத் துணியால் கலத்தையே போர்த்தினோம். பெறுமானம் ஏறியது. மின்வாய்களைக் கழற்றிக் கழுவினோம், ஏறியது. கரைசலைப் புதிதாகக் கலந்தோம், ஏறியது. மத்தியானம் மின்சாரம் தள்ளாடுகிறதோ என்று வேறு பிளக்கில் மாட்டினோம். அதற்கும் மசியவில்லை.

"மிஸ், இது எஸ்வஹ" என்றாள் ஷாமலி. கண்ணூறு என்று அர்த்தம். "ஒரு தேசிக்காய் வெட்டிக் கழிச்சு விடுவமா?"

மிஸ் பார்த்த பார்வையில் அவள் போத்தல் கழுவப் போய்விட்டாள். அந்தப் பாவி அப்போதே விடைக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள், எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியே நசீர் நானா எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நாளைக்கு ஜும்மா, நான் வரமாட்டன். நீங்க பாத்து ஒரு நல்ல முடிவு சொல்லுங்க தங்கச்சி" என்றுவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பெரிய நம்பிக்கை ஏதும் இல்லாமல் அதே போத்தலில் இருந்து ஊசியில் எடுத்துக் கலத்துக்குள் விட்டேன். இலக்கம் கொஞ்சம் ஏறியது. டக்கென்று நின்றது.

ஒற்றை இலக்கம்! மத்தியானத்தில்!

ஷாமலி என்னைக் கட்டிப்பிடித்தாள். திரும்பச் செய்தோம், அதே பெறுமானம். மூன்றாம் தரமும் அதே. மிஸ் ஓடிவந்து பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அவர் முகம் இன்னும் இருண்டது.

"ஏன் எண்டு தெரியாமல் வந்த சரி, பிழையைவிட மோசம் பிள்ளை. திங்கட்கிழமை திரும்ப ஏறினா என்ன செய்வீர்?"

அவர் சொன்னது நியாயம். கருவிக்கும் வெள்ளிக்கிழமை விரதமோ என்று ஷாமலி கேட்டாள். சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் பழையபடி கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

நண்டும் நானும்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வெள்ளவத்தை பிளட்டில் நண்டுக் குழம்பு. அம்மா காலையிலேயே சந்தைக்குப் போய்ப் பேரம் பேசி வாங்கி வந்து, முருங்கையிலை போட்டு, உறைப்பாகச் சமைத்திருந்தார். நானும் எல்லாக் கவலையையும் தள்ளி வைத்துவிட்டு முழங்கை வரை குழம்பு வழியச் சாப்பிட்டேன். நண்டு விஷயத்தில் எனக்கு நாகரிகம் கிடையாது.

எழும்பியதும் அம்மா வழக்கம் போல ஒரு தேசிக்காய்ப் பாதியைக் கையில் தந்தார். தேய்த்தேன். தோலை மடித்துப் பிழிந்தபோது நுண்ணிய துமி ஒன்று சீறி முகத்தில் அடித்தது. அந்த மணம்!

அப்படியே நின்றுவிட்டேன். அந்த மணம் எனக்கு வேறொரு இடத்திலும் பழக்கம். மத்தியானங்களில் கருவிக்கு முன்னால் குனிந்து ஊசியை மெல்லிய தாளால் துடைக்கும்போது இதே மணம்தான் வரும். ஊசியைத் துடைக்கும்போது விரல் தொலுயீனில் நனையும். விரலில் இருக்கிற எந்த எண்ணெயையும் தொலுயீன் அந்தக் கணமே கரைத்து எடுக்கும். அந்த ஈரத்தோடு ஊசி கலத்துக்குள் போகும்.

தேசிக்காய்த் தோலின் எண்ணெய் தண்ணீருக்குப் போகாது. அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். ஒரு மூலக்கூறில் ஒன்றல்ல, இரண்டு இரட்டைப் பிணைப்பு! புரோமீனுக்கு அது கலியாண விருந்து.

வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வுகூடம் முழுக்கச் சைவம். ஷாமலிகூட அன்று சைவக் கடைப் பார்சல்தான். மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் தேசிக்காயும் இல்லை.

"ஐயோ அம்மா!" என்று கத்தினேன்.

"என்ன பிள்ளை, நண்டு ஓடு குத்திப்போட்டுதே?"

"இல்லை அம்மா, நசீர் நானா தப்பிட்டார்!"

"ஆர் நசீர் நானா?" என்று அம்மா கரண்டியோடு வந்தார்.

பதில் சொல்ல எனக்கு ஏது நேரம்? ஈரக் கையோடே ஷாமலிக்குப் போன் எடுத்தேன்.

"ஷாமலி, வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டம்?"

"பருப்பு, கத்தரிக்காய், வல்லாரைச் சம்பல். ஏன், பசிக்குதா?"

"சாப்பிட்ட பிறகு தேசிக்காய் தேய்ச்சமா?"

"அம்மோ!" என்று ஒரு அலறல். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

யார் போய்ச் சொல்வது?

கண்டுபிடித்தது சந்தோஷம்தான். ஆனால் திலகா மிஸ்ஸிடம் போய், உங்கள் சுத்தம்தான் அசுத்தம் என்று யார் சொல்வது? திங்கட்கிழமை காலை ரயிலில் கடலைப் பார்த்துக்கொண்டே கோட்டை வரை ஒத்திகை பார்த்தேன். மிஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றதும் எல்லாம் மறந்து போயிற்று.

"மிஸ், தேசிக்காய்" என்றேன்.

"தேசிக்காய்க்கு என்ன?"

சொன்னேன். ஷாமலி எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாள். மிஸ்ஸின் முகம் சிவந்தது.

"நீர் என்ன கதைக்கிறீர் வாசுகி? கையைச் சுத்தமாக்கத்தானே அதை வைச்சிருக்கிறன். என்ரை தேசிக்காயோ அந்த மனிசன்ரை பேரைக் கெடுத்தது?"

"செய்து பாப்பம் மிஸ்" என்றேன். உள்ளே ஒரு துள்ளல் இருந்தது.

சோப்பு மட்டும் போட்டுக் கழுவிய கையோடு செய்தேன், ஒற்றை இலக்கம். பிறகு தேசிக்காயைத் தேய்த்து, சட்டப்படி அலசி, மிஸ்ஸிடம் கையை நீட்டினேன். மோந்து பார்த்தார். "சுத்தம்" என்றார். அந்தச் சுத்தமான கையால் ஊசியைத் துடைத்துக் கலத்துக்குள் விட்டேன்.

இலக்கம் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது! ஷாமலி இந்த முறை "ஓடு, ஓடு, ஓடு" என்று கருவியை உற்சாகப்படுத்தினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மிஸ் தானே ஒரு பாதியை எடுத்துத் தேய்த்தார், தானே செய்தார். மறுபடி ஏறியது. நேரே தொட்டியடிக்குப் போய், பீங்கான் கோப்பையில் இருந்த பாதிகளை எல்லாம் குப்பைக்குள் கொட்டினார். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"பாவம் அந்த மனிசன்" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இண்டைக்கு மத்தியானம் எல்லாரும் மீன் சாப்பிட வேணும்" என்றார்.

"மிஸ்?"

"முதல் அறிக்கை குடுத்த நாள் மாதிரி எல்லாம் அப்பிடியே இருக்க வேணும். தேசிக்காய் ஒண்டு மட்டும்தான் இருக்கக் கூடாது. மீன் சாப்பிடாமல் செய்து காட்டினா, மீன்தான் காரணம் எண்டு நாளைக்கு ஆரும் சொல்லலாமெல்லே?"

அந்த நேரத்தில் எனக்கு மிஸ்ஸைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. பயத்தில் செய்யவில்லை.

மணக்குதோ?

முகாமையாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு கருவிக்குப் பக்கத்தில் நின்றார். நசீர் நானா பிளாஸ்ரிக் கதிரையில் உட்காரவும் மாட்டாமல் கதவோரமாக நின்றார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மிஸ் அன்று அறக்குளா மீன் குழம்பைக் குழைத்து அடித்துச் சாப்பிட்டிருந்தார். சோப்பால் மட்டும் கை கழுவினார். கதவடிக்கு வந்து, வழமைக்கு மாறாகத் தன் கையை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"மணக்குதோ?"

"ஓம் மிஸ்."

"வடிவா மோந்து பாரும்."

"நல்லா மணக்குது மிஸ். அறக்குளா."

"அப்ப சரி" என்று, மீன் மணத்தோடு, தன் முதலாவது சட்டத்தைத் தானே உடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஊசியை நிரப்பினார், துடைத்தார், விட்டார். இலக்கங்கள் ஏறத் தொடங்கின. நான் ஷாமலியின் கையை நெரித்துக்கொண்டு நின்றேன். நசீர் நானா கண்ணை மூடிக்கொண்டார்.

டக். நின்றது.

ஒற்றை இலக்கம்.

முகாமையாளர் நம்பவில்லை. தான் கொண்டுவந்த வேறொரு போத்தலைக் கொடுத்தார். அதுவும் அந்த ட்ரம்களில் இருந்து தானே எடுத்ததாம். அதற்கும் ஒற்றை இலக்கம். இன்னொரு தரம் கேட்டார், இன்னொரு தரமும் நின்றது. கட்டியிருந்த கைகளைத் தளர்த்திவிட்டு நசீர் நானாவின் பக்கம் திரும்பி, சிங்களத்தில் "சமாவென்ன முதலாளி" என்று மன்னிப்புக் கேட்டார்.

"நீங்க கேக்கத் தேவையில்லை" என்றார் மிஸ் அவரிடம். பிறகு நசீர் நானாவுக்கு நேரே நின்று, "பிழை எங்கடை. என்ரை கையிலை இருந்த பிழை. உங்கடை சாமான் சுத்தம்" என்றார். மிஸ் ஒருவரிடம் அப்படிக் கதைத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

நசீர் நானா நெஞ்சில் கை வைத்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெடம், அப்ப என்னதான் பெற்றோல் மாதிரி வேலை செஞ்சீக்கிது?" என்று கேட்டார்.

"தேசிக்காய்."

அவர் மிஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் கீழே இரும்புக் கடைக்காரர் மேலே வந்து என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் அறிக்கையை ரத்துச் செய்து புதியது ஒன்றை அந்த இடத்திலேயே அச்சடித்தோம். மிஸ் அறக்குளா மணக்கும் அதே கையால் கையெழுத்திட்டு, மடித்து, அவரிடம் கொடுத்தார்.

பிறகு நடந்ததை அடுத்த ட்ரம்களுக்கு மாதிரி கொண்டுவந்தபோது நசீர் நானாவே சொன்னார். அன்று பின்னேரம் கடைவாசலில் அவர் போய் இறங்கியதுமே வழக்கமான ஆள் ஒருவன், "என்ன நானா, பெற்றோல் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறான். இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அறிக்கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, விரித்து, அவன் மூக்குக்கு நேரே நீட்டினாராம்.

"மோந்து பாருடா. பெற்றோலா, அறக்குளாவா?"